தாம்பரம் வரைக்கும் வந்த கருப்பு

இரவு பத்து மணி தாண்டிவிட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், பரங்கிமலைக்குப் பிறகுதான் கொஞ்சம் கால் நீட்ட இடம் கிடைக்கிறது. ஜன்னலோரம் ஓர் இளைஞன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கையில் குறுக்காகப் பிடித்த செல்போன். இயர்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, சத்தத்தைக் குறைத்து ஸ்பீக்கரிலேயே பார்க்கிறான். ரயிலின் தடக் தடக்கோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொள்கிறது. குதிரைக் குளம்படி.

எதிர் சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெரியவர் விருட்டென்று நிமிர்கிறார்.

"தம்பி, இது விடாது கருப்புதானே?"

"ஆமா சார். உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க! அப்ப நாங்க மாடம்பாக்கத்துல வாடகைக்கு இருந்தோம். எங்க வீட்ல டி.வி. கிடையாது. ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்போம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு காலி மனை. மிஞ்சிப்போனா அம்பதடி இருக்கும். பார்த்துட்டுத் திரும்பும்போது அந்த அம்பதடியைத் தாண்டுற வரைக்கும் என் சம்சாரம் என் கையை விடமாட்டா. நான் தைரியசாலி மாதிரி நடப்பேன். உள்ளுக்குள்ள எனக்கும் உதறும்."

"எங்கம்மா சொல்லித்தான் சார் பார்க்க ஆரம்பிச்சேன். கிராபிக்ஸ் ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா ராத்திரி தண்ணி குடிக்கப் போறதுக்குக்கூட லைட்டு போட்டுட்டுத்தான் போறேன்."

பெரியவர் சிரிக்கிறார். பல்லாவரம் வருகிறது, போகிறது.

அந்தப் பெரியவரின் வயதுக்காரர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். அன்று பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று யூடியூபில் தேடிப் பார்க்கிறார்கள். எத்தனையோ கோடி செலவில் எடுத்த பேய்ப் படங்கள் விரல் நுனியில் கிடைக்கும் காலத்தில், மங்கலான படமும் பழைய காலத்து வெளிச்சமுமாக இருக்கும் ஒரு தொலைக்காட்சிக் கதைக்கு அப்படி என்ன இழுப்பு?

ஒரு ஊர், ஒரு காவல் தெய்வம், ஒரு கணக்கு

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1990-களின் இரண்டாம் பாதியில் சன் டி.வி.யில் 'மர்ம தேசம்' என்ற பெயரில் வரிசையாகச் சில கதைகள் வந்தன. தயாரித்தது இயக்குநர் கே.பாலசந்தரின் மின் பிம்பங்கள். கதைகளை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். முதலில் வந்தது 'ரகசியம்'. அதில் நவபாஷாண லிங்கமும் சித்தர்களும். அடுத்து வந்ததுதான் 'விடாது கருப்பு'. இரண்டையும் இயக்கியவர் நாகா. இந்தக் கதையில் அறிமுகமான சேத்தன், பிறகு 'மெட்டி ஒலி'யில் வீட்டு மாப்பிள்ளையாகவும், 2023-ல் வந்த 'விடுதலை' படத்தில் கண்டாலே பற்றிக்கொண்டு வரும் அதிகாரியாகவும் பல தலைமுறைக்குத் தெரிந்த முகமானார். இதே கதையில் நடித்த தேவதர்ஷினி, நிஜ வாழ்க்கையிலும் அவருக்கு ஜோடியானார்.

கதை ஒரு கிராமத்தில் நடக்கிறது. எல்லையில் கருப்பு. தப்பு செய்தவனைக் கருப்பு விடாது என்பது ஊரின் நம்பிக்கை. பொய் சொன்னவன், அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்பட்டவன், பெண்ணைக் கெடுத்தவன், யாராக இருந்தாலும் சரி. இருட்டில் குளம்படி கேட்கும். விடிந்தால் ஒரு பிணம் கிடக்கும். ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "கருப்பு வந்துட்டுப் போயிருக்கு" என்று சொல்லும். அழுவதா, நிம்மதியாக மூச்சு விடுவதா என்று தெரியாமல் நிற்கும்.

கொல்வது தெய்வமா, மனிதனா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, ஒரு தலைமுறைக்கு முந்தைய காலம், நிகழ்காலம் என்று இரண்டு தண்டவாளத்தில் கதையை ஓட்டினார்கள். இன்று ஓ.டி.டி. தொடர்களில் இது சாதாரணம். அன்று மாமியார், மருமகள் கதைக்குப் பழகிய கண்களுக்குப் புதுசு. ஆனாலும் ஒருவரும் குழம்பவில்லை. பாட்டிமார்கள் பிசகாமல் கதை சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால், நடுவில் உள்ள ஆறு நாளும் குழாயடியிலும் டீக்கடையிலும் அலுவலகத்திலும் ஆளாளுக்கு ஒருவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 'யார் அந்தக் கருப்பு?' என்பது அந்தக் காலத்தின் குடும்ப விடுகதை.

தெற்கிலிருந்து வந்தவர்களின் ஊர்

தாம்பரத்தில் இந்தக் கதைக்குக் கூடுதலாக ஒரு செல்வாக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை. தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னையின் வாசற்படி தாம்பரம். நெல்லையோ மதுரையோ, எந்த ஊர் ரயிலில் வந்தாலும் விடியற்காலையில் முதலில் கண் விழிப்பது இங்கேதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெருங்களத்தூரில் மூட்டை முடிச்சோடு நின்று பஸ் பிடித்தவர்கள் எத்தனை லட்சம் பேர்! 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தக் கூட்டம் இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்தது, அவ்வளவுதான். நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்கள், சீட்டுப் பணமும் பி.எஃப். கடனும் சேர்த்து மனை வாங்கியவர்கள், ரயில் வசதிக்காக வந்தவர்கள் என்று சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் குடியேறினார்கள்.

வரும்போது பாத்திரம் பண்டத்தோடு அவரவர் குலதெய்வத்தையும் மனசுக்குள் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்கள். முடியாதபோது மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைப்பார்கள். அப்படி ஊரை விட்டு வந்து, எங்கோ ஒரு புது நகரின் மூன்றாவது குறுக்குத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்களின் வீட்டுக்குள், டி.வி. வழியாகத் திடீரென்று அதே கருப்பு வந்து நின்றது. எப்படியிருக்கும்?

அன்றைய புறநகரும் பயத்துக்குத் தோதாக இருந்தது. பாதி கட்டி முடிக்காத வீடுகள், நெருஞ்சியும் கருவேலமும் மண்டிய காலி மனைகள், நாலு கம்பத்துக்கு ஒன்றாக எரியும் தெருவிளக்கு, மழைக்காலத்தில் ஏரிப் பக்கமிருந்து விடாமல் கத்தும் தவளைகள். இதற்கு நடுவில் மின்வெட்டு. கருப்பு வரும் நேரத்தில் கரன்ட் போனால், யாரும் வாயைத் திறக்காமல் இருட்டில் உட்கார்ந்திருந்த நிமிஷங்களைப் பற்றிச் சொல்லாத குடும்பம் குறைவு. சேலையூரும் செம்பாக்கமும் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த கிராமங்கள்தானே! அந்த ஊர்களுக்கும் எல்லைத் தெய்வங்கள் உண்டு. கதையில் வரும் ஊருக்கும் பார்ப்பவர் இருக்கும் ஊருக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லாமல் போனது.

இன்று தெருவுக்கு நாலு கண்காணிப்பு கேமரா. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. காலி மனைகளில் அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. அப்படியும் அந்தக் குளம்படிச் சத்தம் பயமுறுத்துகிறது என்றால், காரணம் இருட்டு மட்டும் இல்லை.

சத்தியம் வாங்கும் கதவு

மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி இருக்கிறார். அங்கே சிலை கிடையாது. பெரிய மரக் கதவு, அதன் மேல் அப்பிய சந்தனம், அதற்குத்தான் பூஜை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை புறப்படும் கள்ளழகரே இவரிடம் விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புகிறார். கொடுக்கல் வாங்கல் தகராறு, சொத்துத் தகராறு, 'எடுத்தது நீதான், நான் இல்லை' என்ற வழக்கு எதுவானாலும், இந்தக் கதவுக்கு முன்னால் வந்து சத்தியம் செய்யச் சொல்வது அந்தப் பக்கத்தில் நெடுங்காலப் பழக்கம். பொய்ச் சத்தியம் செய்யப் படியேறியவர்கள் பாதியிலேயே இறங்கி வந்து உண்மையைச் சொன்ன கதைகளை அந்த ஊர்களில் கேட்கலாம்.

கருப்பைப் பற்றிய கதையின் முதல் இழுப்பு இங்கேதான் இருக்கிறது. போலீசுக்குப் போனால் அலைய வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் வாய்தா மேல் வாய்தா. பணம் இருப்பவன் தப்பித்துக்கொள்வான். இல்லாதவன் செருப்புத் தேய நடப்பான். ஆனால் யாரும் பார்க்காததையும் பார்க்க ஒருவர் இருக்கிறார், அவருக்கு வக்கீல் வைக்க முடியாது, லஞ்சம் கொடுக்க முடியாது என்ற நினைப்பு எவ்வளவு ஆறுதல்! மனையை அளந்து கொடுத்ததில் ஏமாந்தவர், சீட்டுக் கம்பெனியில் பணத்தைப் பறிகொடுத்தவர், அண்ணன் தம்பி பங்கு பிரித்ததில் வஞ்சிக்கப்பட்டவர் எல்லோரும் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஓர் அயோக்கியன் இருட்டில் ஓடும்போது, அவரவருக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும்.

பயமும் நிம்மதியும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது. பழிவாங்கும் கதைகள் எல்லாமே இந்த இரட்டைச் சுகத்தில்தான் ஓடுகின்றன.

பழையனூரிலிருந்து அமெரிக்கா வரை

தமிழுக்கு இது புதிதும் இல்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழையனூரின் நீலி கதை, பல நூறு வருஷமாகச் சொல்லப்படும் பேய்க் கதை. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாக வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னை விட்டு ஓடுகிறானே" என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். 'நீலிக் கண்ணீர்' என்ற சொல் இன்றும் புழங்குவது இவளால்தான். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர், "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, அவளோடு அவனை இருக்கச் சொல்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள்.

கதை கேட்கும்போது, கொலைகாரன் செத்தான் என்று மனசு ஒரு நொடி துள்ளுகிறது. அடுத்த நொடி, அந்த எழுபது பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று உறுத்துகிறது. நீலியின் கணக்கு தீர்ந்தது. விலை கொடுத்தது வேறு யாரோ. நீதி கேட்டு மதுரையை எரித்த கண்ணகிகூட, முதியவர்களையும் குழந்தைகளையும் பசுக்களையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள். பழிக்கு எல்லை வேண்டும் என்பது நம்மவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1981 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒரு படம் வந்தது. பெயர் 'டார்க் நைட் ஆஃப் தி ஸ்கேர்குரோ'. தியேட்டருக்காக இல்லாமல் டி.வி.க்காகவே எடுத்த படம். இயக்கியவர் ஃப்ராங்க் டி ஃபெலிட்டா. ரத்தம் அதிகம் இல்லை, பட்ஜெட்டும் பெரிதில்லை. இருந்தும், நாற்பது வருஷம் கழித்தும் திகில் பட ரசிகர்கள் அதைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள்.

ஒரு சிற்றூர். உடம்பு பெரிய ஆள், மனசு குழந்தை. அப்படி ஒருவன், பப்பா என்று பெயர். அவனுக்குச் சிநேகிதி ஒரு சின்னப் பெண். ஒரு நாள் அவளை நாய் கடித்துக் குதறிவிடுகிறது. காப்பாற்றி, ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு வருகிறான் பப்பா. பார்த்தவர்கள் 'இவன்தான் ஏதோ செய்துவிட்டான்' என்று முடிவு கட்டுகிறார்கள். ஏற்கெனவே அவன் மேல் கடுப்பில் இருந்த தபால்காரரும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் துப்பாக்கியோடு கிளம்புகிறார்கள். அம்மா தன் மகனை வயலில் சோளக்கொல்லை பொம்மையாக வேஷம் கட்டி ஒளித்துவைக்கிறாள். பொம்மைக்குள் இருந்து தெரியும் இரண்டு கண்களைப் பார்த்துக்கொண்டே சுட்டுத் தள்ளுகிறார்கள். அடுத்த நிமிஷம் வண்டியில் இருக்கும் ரேடியோவில் செய்தி வருகிறது. குழந்தை பிழைத்துவிட்டாள், காப்பாற்றியவன் அவன்தான்.

தற்காப்புக்காகச் சுட்டோம் என்று சொல்லிக் கோர்ட்டில் தப்பித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்கள் வயலில் ஒரு பொம்மை முளைக்கிறது. ஒவ்வொருவராகப் போகிறார்கள். தெய்வத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேறு. கணக்கு ஒன்றுதான். சட்டம் விட்டவனையும் ஏதோ ஒன்று விடாது.

இது கதை இல்லை

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு 2018-க்கு வர வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், வெளியூர் ஆட்களைக் கண்டால் ஜாக்கிரதை என்று படங்களோடும் வீடியோக்களோடும் குழுவுக்குக் குழு பறந்தது. மே மாதம், சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் கிளம்பிய ஒரு மூதாட்டி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் உள்ள தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போனார். வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்று கூட்டம் கூடியது. அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

குலதெய்வத்தைக் கும்பிடப் போன இடம். கையில் இருந்தது சாக்லேட். அடித்தவர்களில் பலர், தாங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அந்த நிமிஷத்தில் ஒவ்வொருவரும் தன்னைக் கருப்பாக நினைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கப் படத்தில் ரேடியோ. இங்கே வாட்ஸ்அப். படத்திலாவது உண்மை ஒரு நிமிஷம் தாமதமாக வருகிறது, பிறகு ஒரு பொம்மை வந்து கணக்குத் தீர்க்கிறது. நிஜத்தில் அப்படி எந்தப் பொம்மையும் வராது. போலீஸ், கைது, வழக்கு என்று மெதுவாக நகரும் அதே சட்டம்தான் வர வேண்டும். அதுதான் ஒரே வழியும்கூட. ஏனென்றால் அது மெதுவாக நகர்வதற்கு ஒரு காரணம், 'நீதானா?' என்று கேட்டுவிட்டு அடிக்க வேண்டியிருப்பது.

முகமூடிக்குள் யார்?

'விடாது கருப்பு' வெறும் பழிவாங்கும் கதையாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் தங்கியிருக்காது. முடிவு தெரிந்தாலும் மறுபடி பார்க்கிறார்களே, அதற்குக் காரணம் அந்த முடிவுதான். இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம்.

தெய்வம் என்று ஊர் நடுங்கிய உருவத்துக்குள் இருந்தது ஒரு மனிதன். அவனுக்கே அது தெரியாது. சின்ன வயசில் கண்டதும் கேட்டதும் தாங்காமல் இரண்டாக உடைந்த ஒரு மனசு. ஒரு பாதி நல்ல பையனாக ஊரில் நடமாடுகிறது, மறு பாதி கருப்பாகக் குதிரையேறுகிறது. அதுவரை, 'ஆகா, போய்ச் சேர்ந்தான் பாவி' என்று ஒவ்வொரு சாவுக்கும் உள்ளுக்குள் கைதட்டியவர்கள், அந்த இடத்தில் வாயடைத்துப் போனார்கள். ஊருக்கு நீதி வேண்டியிருந்தது. அதற்காக ஒரு பிள்ளையின் புத்தி பலியானது. பழையனூரில் எழுபது பேர் கொடுத்த விலையை இங்கே ஒரே ஒரு சிறுவன் கொடுத்திருக்கிறான்.

2005-ல் 'அந்நியன்' வந்தபோது, "இதைத்தான் நாங்க அப்பவே டி.வி.ல பார்த்துட்டோமே" என்று பலர் சொன்னார்கள். ஒற்றுமை இருக்கிறதுதான். ஆனால் அந்நியன் வரும்போது தியேட்டரில் விசில் பறந்தது. கருப்பு யாரென்று தெரிந்தபோது வீட்டில் மௌனம்தான் இருந்தது. 'அந்நியன்' தண்டனையைக் கொண்டாடியது. 'விடாது கருப்பு' தண்டனை கொடுக்கும் கையைப் பிடித்துத் திருப்பி, அதில் உள்ள காயத்தைக் காட்டியது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் ராத்திரியில் கொலைகாரர்களாக மாறுவார்கள் என்பது சினிமாக்காரர்களின் கற்பனை. உண்மையில் அவர்கள் அடுத்தவரைத் துன்புறுத்துவதைவிட, அடுத்தவரால் துன்புறுத்தப்படுவதே அதிகம். பப்பாவின் கதை அதற்கு நெருக்கமானது. சின்ன வயசில் ஏற்படும் கடுமையான காயங்கள் மனசைப் பிளக்கக்கூடும் என்பது மட்டும் மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை.

அந்த உண்மை ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும். சோறு ஊட்ட பூச்சாண்டி, தூங்க வைக்க கோணிக்காரன், பொய் சொல்லாமல் இருக்க 'சாமி கண்ணைக் குத்தும்' என்று பயத்தை வைத்தே பிள்ளை வளர்க்கும் பழக்கம் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குலதெய்வத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. இன்று பூச்சாண்டிக்குப் பதிலாக 'அந்த அங்கிள் பிடிச்சுட்டுப் போயிடுவார்' என்று தெருவில் போகும் முகம் தெரியாத ஆளைக் காட்டுகிறார்கள். பயந்து வளர்ந்த பிள்ளை, பெரியவனானதும் முகம் தெரியாத ஆளைப் பார்த்தால் முதலில் கல்லைத்தான் தேடும்.

இரண்டு பெயர்கள்

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். ஜோதிடம், சித்தர், குலதெய்வம் என்று நம்பிக்கையின் எல்லா வாசலிலும் நின்று எழுதியவர். ஒரு கையில் அறிவியல் விளக்கத்தையும் இன்னொரு கையில் திருநீறையும் வைத்துக்கொண்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று வாசகரிடம் நீட்டுவது அவர் பாணி. அவர் போன செய்தி வந்த அன்று பலரும் முதலில் நினைத்தது கருப்பைத்தான்.

அவருடைய எந்த நாவலிலிருந்து இந்தத் தொடர் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. நாவலின் பெயர் 'விட்டு விடு கருப்பா'. டி.வி.க்கு வந்தபோது அது 'விடாது கருப்பு' ஆனது. டி.வி. வைத்த பெயர் மிரட்டுகிறது. நாவலுக்கு அவர் வைத்த பெயர் கெஞ்சுகிறது. மிரட்டும் பெயருக்காகத்தான் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். கடைசியில் எழுந்து போகும்போது அவர்கள் நெஞ்சில் இருந்தது என்னவோ கெஞ்சும் பெயர்தான்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சின்ன யோசனை. ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, கூடிப்போனால் இரண்டு. நடுவில் சந்தேகப்படவும் சண்டை போடவும் நாள் வேண்டும், பாதி ருசி அதில்தான். செல்போனில் தனியாகப் பார்க்காமல் டி.வி.யில் போட்டு, வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்தால், ஒவ்வொரு பகுதிக்கும் அவர்கள் ஊர்க் கதை ஒன்று இலவசம். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளைகள் என்றால், முடிந்த பிறகு "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுவைக்கலாம்.

ரயில் சானடோரியம் தாண்டிவிட்டது. இளைஞனின் போனில் படத்தின் மேலே ஒரு செய்தி வந்து விழுகிறது. ஏதோ குடியிருப்போர் குழு. ஒரு மங்கலான புகைப்படம், கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. பெரியவரும் எட்டிப் பார்க்கிறார்.

"என்ன தம்பி, பிள்ளை பிடிக்கிறவனா?"

"அப்படித்தான் போட்டிருக்கு சார். எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"எந்த ஊரு, எப்ப எடுத்ததுன்னு இருக்கா?"

இளைஞன் மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறான். "ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப விட்டுடுப்பா."

தாம்பரம் வந்துவிட்டது. இருவரும் இறங்குகிறார்கள்.